விண்ணிலொரு பூதக்கண்ணாடி



எங்கள் பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்த பொது அறிவுப் புத்தகம் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் அச்சானது. அறிவியல் புதிர்ப்போட்டிக்கு வினாக்கள் தேடும்போதெல்லாம் என் கை தானாக அதனிடம் சென்றுவிடும். அதில் ஒரு வினா: பேரண்டத்திலேயே மிகுந்த ஒளி வீசும் பொருள் எது? விடையாக, வாயில் நுழையாத ஒரு குறியீடு கொடுக்கப்பட்டிருக்கும்: ஐராஸ் எஃப் 10214+4724. நம் சூரியனைப் போல் மூன்று கோடி கோடி மடங்கு ஒளியுடையது என்ற குறிப்பும் உடன் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதனை வகுப்பில் படித்துக் காட்டியபோது, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, அது உண்மையாகவே அவ்வளவு வெளிச்சமா? இல்லை, நமக்கு அப்படித் தெரிகிறதா?" என்று கேட்டாள். "உண்மையாகவேதான். எவ்வளவு தூரம் என்று அளந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்" என்று உறுதியாகச் சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டேன்.

நான் சொன்னது தவறு. நான் அப்படிச் சொல்வதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, 1995ஆம் ஆண்டிலேயே, அறிஞர்கள் அதனைத் திருத்திவிட்டிருந்தார்கள். அம்மாணவி இப்போது இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டாள். அவள் தம்பி இவ்வாண்டு என் வகுப்பில் இருக்கின்றான். இக்கட்டுரையை அச்செடுத்து அவன் கையில் கொடுத்தனுப்ப எண்ணியிருக்கிறேன். ஆதலால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்; பொறுத்தருள்க.

முதலில் அந்த மூன்று கோடி கோடி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1983ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து ஐராஸ் என்னும் செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பின. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் வானம் முழுவதையும் துழாவுவதே அதன் பணி. பத்து மாதங்கள்தாம் இயங்கியது. அதற்குள் இலட்சக்கணக்கான புள்ளிகளைப் பட்டியலிட்டுத் தந்துவிட்டது. அப்பட்டியலைச் சலித்துக்கொண்டிருந்த மைக்கேல் ரோவன்-ராபின்சன் குழுவினர், 1991ஆம் ஆண்டில் ஒரு மங்கலான புள்ளியின் நிறமாலையை ஆராய்ந்து திகைத்துப் போனார்கள். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறக்குறைய 1,100 கோடி ஆண்டுகள் பிடித்திருந்தன. அத்துணைத் தொலைவில் இருந்தும், ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலமே உள்ள ஐராஸின் கண்ணுக்கு அது தென்பட்டிருக்கின்றது என்றால், அது எப்பேர்ப்பட்ட ஒளி மலையாக இருக்க வேண்டும்! கணக்கிட்டுப் பார்த்தபோது வந்த விடைதான் மூன்று கோடி கோடி சூரியன்கள். (நாம் பேச்சுவழக்கில் அடுக்கிச் சொல்லும் 'கோடி கோடி' இங்கே மிகைப்பேச்சு அன்று. ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் 1ஐ அடுத்துப் பதினான்கு சுழியங்கள் வரும். அப்படியே கணக்கு.)

அதே ஆண்டில், வானொலித் தொலைநோக்கி கொண்டு, அப்பொருளில் கார்பன் மோனாக்சைடு வாயு இருப்பதையும் கண்டார்கள். அவ்வளவு தொலைவில் மூலக்கூறு வாயு கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. இது பிறந்துகொண்டிருக்கும் ஒரு விண்மீன் மண்டலமா, அல்லது தூசுக்குள் மறைந்திருக்கும் பெருங்கருந்துளையா என்று பெரிய விவாதமே நடந்தது.

கணக்கில் பிழை இல்லை. தொலைவும் சரியாகத்தான் இருந்தது. இடையில் இருந்த ஒன்றைத்தான் யாரும் பார்க்கவில்லை. அது என்னவென்று சொல்ல, நாம் வெகுதூரம் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்று நாம் நான்காம் ஐந்தாம் ஆண்டுகளிலேயே கற்பிக்கின்றோம். ஒளியையும் பொருள்கள் ஈர்த்து வளைக்குமோ என்ற ஐயத்தை நியூட்டன் 1704ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஒளியியல் நூலின் இறுதியில் ஒரு வினாவாகவே எழுப்பி வைத்தார். 1801ஆம் ஆண்டில் ஜெர்மானியர் யோஹான் சோல்ட்னர் என்பவர் அதனைக் கணக்கிட்டார். சூரியனின் விளிம்பை உரசிச் செல்லும் விண்மீன் ஒளி 0.84 விகலை அளவு வளையும் என்பது அவர் கண்ட விடை. ஒரு பாகையை 3,600 கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறே விகலை. சோல்ட்னரின் கணக்கை அப்போது ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

110 ஆண்டுகளுக்குப் பின், 1911இல், ஐன்ஸ்டைன் வேறு வழியில் ஏறக்குறைய அதே விடையை அடைந்தார். இதனைச் சோதிக்க ஒரே வழிதான் இருந்தது. முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரியனுக்கு அருகே தெரியும் விண்மீன்களைப் படம்பிடித்து, அவை இடம் மாறித் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். எர்வின் ஃபிராய்ண்ட்லிச் என்னும் இளம் வானியலாளர் 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 21இல் நிகழவிருந்த கிரகணத்திற்காகக் கருவிகளோடு ரஷ்யாவின் கிரிமியாவுக்குச் சென்றார். அவர் போய்ச் சேர்ந்த வேளையில் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியர் என்பதால் எதிரி நாட்டவராகப் பிடித்து வைக்கப்பட்டார், கருவிகள் பறிக்கப்பட்டன. பாவம் அவர். ஆனால் ஐன்ஸ்டைனுக்கு அது நல்லதாகவே முடிந்தது எனலாம். ஏனெனில் 1915இல் தம் பொதுச் சார்பியல் கோட்பாட்டை நிறைவு செய்தபோதுதான், தாம் முன்பு சொன்ன அளவு பாதிதான் என்பதை அவரே கண்டார். சரியான விடை 1.75 விகலை. நம் 20 சென் நாணயத்தை ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் அதன் அகலம் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான்!

1919 மே 29 கிரகணத்தை எடிங்டன் குழுவினர் ஆப்பிரிக்கக் கரையோரப் பிரின்சிபித் தீவிலும், மற்றொரு குழுவினர் பிரேசிலின் சோப்ராலிலும் படம்பிடித்ததும், அவ்வாண்டு நவம்பர் 6இல் இலண்டனில் முடிவு அறிவிக்கப்பட்டதும், ஐன்ஸ்டைன் ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றதும் பலரும் அறிந்த கதை. பலர் அறியாத ஒன்று, அடுத்தடுத்த சோதனைகளில் நம் வட்டாரமும் இடம்பெற்றது என்பதாகும். 1922இல் கிறிஸ்துமஸ் தீவுக்கு (அந்நாளில் அது சிங்கப்பூரோடு சேர்த்து ஆளப்பட்டது) வந்த பிரிட்டிஷ் குழுவினரை மேகம் ஏமாற்றிவிட்டது. 1929 மே 9 கிரகணத்தின் நிழலோ சுமத்திராவையும் மலாயாவின் வடபகுதியையும் தென் சயாமையும் கடந்து பிலிப்பீன்ஸ் நோக்கிச் சென்றது. அன்று சுமத்திராவின் தாக்கெங்கோனில் தொலைநோக்கியோடு நின்றவர் வேறு யாருமல்லர், கிரிமியாவில் பிடிபட்ட அதே ஃபிராய்ண்ட்லிச்! பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து படம் எடுத்தார். அவருக்குக் கிடைத்த விடை 2.24 விகலை, ஐன்ஸ்டைன் சொன்னதைவிடக் கூடுதல். அதைப் பற்றி நெடுங்காலம் வாதம் நடந்தது.

ஒளி வளைகின்றது என்றால், வளைக்கும் பொருள் ஒரு வில்லையைப் போலவும் செயற்பட வேண்டும் அல்லவா? இவ்வெண்ணம் எங்கே முளைத்தது என்பதுதான் இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ருடி மண்டல் என்பவர் செக் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒரு பொறியாளர். வானியல் அவர் தொழில் அன்று, ஆர்வம் மட்டுமே. ஒரு விண்மீனுக்கு நேர் பின்னால் மற்றொரு விண்மீன் இருந்தால், முன்னே இருப்பது பின்னே இருப்பதன் ஒளியைக் குவித்துப் பெரிதாக்கிக் காட்டும் என்பது அவர் கருத்து. அதோடு நின்றாரா என்றால் இல்லை. பூமியில் உயிரினங்கள் திடீர் திடீரென்று மாற்றம் கண்டதற்கும் இப்படிக் குவிந்து வந்த கதிர்களே காரணம் என்றும் நம்பினார். அந்த இரண்டாவது பாதியைக் கேட்டுவிட்டு முதற்பாதியையும் சேர்த்து ஒதுக்கியவர்கள் இருந்திருப்பார்கள். வாஷிங்டனில் இருந்த 'சயன்ஸ் சர்வீஸ்' என்னும் அறிவியல் செய்தி நிறுவனத்தின் கதவைத் தட்டினார். அவர்கள் அவரைத் துரத்தவில்லை. ஐன்ஸ்டைனை நேரிற் சென்று காணும்படி சொல்லி, பயணத்திற்குச் சிறு தொகையும் கொடுத்து அனுப்பினார்கள். 1936ஆம் ஆண்டு வசந்த காலத்தில் மண்டல் பிரின்ஸ்டனுக்குச் சென்று ஐன்ஸ்டைனைச் சந்தித்தார்.

ஐன்ஸ்டைன் பொறுமையாகக் கேட்டார், கணக்கிட்டும் பார்த்தார். ஆனால் வெளியிடத் தயங்கினார். மண்டல் விடவில்லை, கடிதத்திற்கு மேல் கடிதம் எழுதினார். இறுதியில் அவ்வாண்டு டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் ஐன்ஸ்டைனின் சிறு குறிப்பொன்று வெளிவந்தது. மண்டல் வந்து கேட்டுக்கொண்டதால்தான் இதனை வெளியிடுகிறேன் என்று தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். பின்னே இருக்கும் விண்மீன் ஒளிவளையமாகத் தெரியும், ஆனால் இதனை நேரிற் காண வழியே இல்லை என்பது குறிப்பின் சாரம். இதழாசிரியருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இன்னும் வெளிப்படையாகவே பேசினார்: மண்டல் தம்மிடமிருந்து பிழிந்தெடுத்தது இது, பெரிய மதிப்பு ஒன்றுமில்லை, அந்த ஏழை மனிதருக்கு மகிழ்ச்சி தரும், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஐன்ஸ்டைன் இதே கணக்கை 1912ஆம் ஆண்டிலேயே தம் குறிப்பேட்டில் போட்டுப் பார்த்திருந்தார்! வரலாற்றாய்வாளர்கள் அப்பக்கங்களின் பொருளை அடையாளம் கண்டு 1997இல் வெளியிட்டார்கள். பயனில்லை என்று கருதி விட்டுவிட்ட ஒன்றை, 24 ஆண்டுகளுக்குப் பின் ஒரு பொறியாளர் கதவைத் தட்டிக் கேட்டபோது, மறுபடியும் முதலிலிருந்து கணக்கிட்டிருக்கிறார். இடையில் 1924இல் ரஷ்ய இயற்பியலாளர் குவோல்சன் என்பவரும் ஒளிவளையத்தைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு எழுதியிருந்தார். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

மண்டலின் எண்ணம் வேறொரு வழியிலும் பயணம் செய்தது. தொலைக்காட்சித் தொழில்நுட்பத்தின் முன்னோடியான சுவோரிகினிடமும் அவர் இதைச் சொல்லியிருந்தார். சுவோரிகின் அதனைக் கலிபோர்னியாவில் இருந்த ஃபிரிட்ஸ் சுவிக்கியிடம் சொன்னார். சுவிக்கி முரட்டுக் குணத்துக்குப் பெயர்போன வானியலாளர், ஆனால் தொலைநோக்குடையவர். ஒற்றை விண்மீன் வில்லையாக இருந்தால் காண்பது கடினம் என்பது சரி, கோடிக்கணக்கான விண்மீன்கள் கொண்ட மண்டலமே வில்லையாக இருந்தால் என்ன என்று கேட்டார் அவர். 1937இல் அவர் எழுதிய குறிப்பில் மூன்று பயன்களைச் சொன்னார். சார்பியல் கோட்பாட்டைச் சோதிக்கலாம். வில்லையாக நிற்கும் மண்டலத்தின் நிறையை அளக்கலாம். நம் தொலைநோக்கிக்கு எட்டாத தொலைவில் உள்ள மண்டலங்களையும் காணலாம். இம்மூன்றும் பின்னாளில் நடந்தன.

இவ்விடத்தில் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு செய்முறை. வகுப்பில் நாம் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியில் விளிம்பருகே செல்லும் ஒளி மிகுதியாக வளையும். நடுவே செல்வது வளையாது. எனவே ஒளி ஒரு புள்ளியில் குவியும். ஈர்ப்பு வில்லையில் இது தலைகீழ். பொருளை ஒட்டிச் செல்லும் ஒளி மிகுதியாகவும், விலகிச் செல்வது குறைவாகவும் வளையும். அதனால் உருவம் ஒரு புள்ளியில் குவியாமல் இழுபட்டு வில்லாகவும் வளையமாகவும் தெரியும். இதனைக் காட்டத் தண்டு வைத்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்று போதும். அதன் வட்டமான அடித்தட்டை, கறுப்புப் புள்ளி இட்ட வெள்ளைத்தாளின்மேல் வைத்து, மேலிருந்து பாருங்கள். புள்ளி நேர் நடுவில் இருந்தால் வளையமாகத் தெரியும். சற்றே நகர்த்தினால் வளையம் உடைந்து இரண்டு விற்களாகும். மாணவர்கள் கிண்ணத்தை விடவே மாட்டார்கள். உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மைத் தாண்டி வேறெங்கோ போயிருக்க வேண்டிய ஒளியையும் வில்லை நம் பக்கம் திருப்பிவிடுவதால், பொருள் பெரிதாகத் தெரிவதோடு கூடுதல் ஒளியோடும் தெரியும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிக்கியின் சொல் மெய்ப்பட 42 ஆண்டுகள் ஆயின. 1979 மார்ச்சில் டென்னிஸ் வால்ஷும் ராபர்ட் கார்ஸ்வெல்லும் அரிசோனாவின் கிட் பீக் மலையில், 6 விகலை இடைவெளியில் அருகருகே தெரிந்த இரண்டு குவேசார்களின் நிறமாலையை எடுத்தார்கள். இரண்டும் அச்சு மாறாமல் ஒன்றாகவே இருந்தன. ஒரே பொருளை இருமுறை எடுத்துவிட்டோமோ என்று ஐயுற்று மீண்டும் எடுத்தார்கள். ரே வேமன் மற்றொரு தொலைநோக்கியால் உறுதி செய்தார். உண்மையில் அது ஒரே குவேசார்; இடையில் நின்ற மண்டலம் அதை இரண்டாகக் காட்டியது. ஓர் உருவத்தின் ஒளி மற்றதைக் காட்டிலும் ஏறக்குறைய 417 நாள்கள் தாமதமாக வந்து சேர்கின்றது என்பது 1990களில் உறுதியானது.

1987இல் ஏபெல் 370, சிஎல் 2244 என்னும் விண்மீன் மண்டலக் கூட்டங்களில் நீல நிறத்தில் நீண்ட ஒளிவிற்கள் தெரிகின்றன என்று அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் தனித்தனியே அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு, ஏபெல் 370இன் வில் அக்கூட்டத்தைச் சேர்ந்ததே அன்று, அதற்கு வெகு பின்னால் உள்ள மண்டலத்தின் இழுபட்ட உருவம் என்று தெளிவாயிற்று. இந்த இரண்டு கூட்டங்களும் மறுபடியும் வரும்.

இப்போது நம் ஐராஸ் பொருளுக்குத் திரும்புவோம். 1990களின் நடுவில் ஹவாயில் கெக் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. பத்து மீட்டர் அகலக் கண்ணாடி. அதன்வழி அப்பொருளைப் பார்த்தபோது, புள்ளியாகத் தெரிய வேண்டியது வளைந்து, விற்போல் தெரிந்தது. வில்லின் உட்புறத்தில் மற்றொரு மண்டலம். 1995இல் இது ஈர்ப்பு வில்லை என்று எழுதினார்கள். ஹப்பிள் எடுத்த படத்தில் வில்லும் அதற்கு எதிர்ப்புறத்தில் மங்கலான மறு உருவமும் துல்லியமாகத் தெரிந்ததும் ஐயம் அகன்றது. முன்னே நின்ற மண்டலம் இதன் மொத்த ஒளியை ஏறக்குறைய 30 மடங்கு பெருக்கிக் காட்டியிருந்தது. மண்டலத்தின் நடுப்பகுதியிலிருந்து வந்த கட்புலன் ஒளியை மட்டும் எடுத்தால் 100 மடங்கு. ஒரே வில்லை ஒரே மண்டலத்தின் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு அளவில் பெருக்கும். ஆகவே ஓர் எண்ணால் வகுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிட முடியாது.

30ஆல் வகுத்தாலும் அது எளிய பொருளாகிவிடவில்லை. ஏறக்குறைய பத்து இலட்சம் கோடி சூரியன்களின் ஒளி மிஞ்சுகின்றது. நம் பால்வெளியைப் போல் பல நூறு மடங்கு. ஆனால் 'பேரண்டத்திலேயே முதலிடம்' என்ற பட்டம் போய்விட்டது. 1998இல் ஏபிஎம் 08279+5255 என்னும் குவேசார் ஐம்பது கோடி கோடி சூரியன்களின் ஒளியோடு அப்பட்டத்திற்கு வந்தது. அதற்கு முன்னாலும் ஒரு வில்லை இருந்தது!

ஆசிரியராக இருப்பவருக்கு இது புதிதன்று. எழுத்துக்கூட்டவே தடுமாறும் பிள்ளை ஒரு நாள் அப்பழுக்கில்லாத கட்டுரையை வீட்டுப்பாடமாகக் கொண்டுவந்தால், நாம் முதலில் பாராட்டுவதில்லை, "வீட்டில் யார் உதவி செய்தது?" என்று கேட்கின்றோம். (பெற்றோர்கள் சிரிப்பது காதில் விழுகின்றது.) வானியலாளர்களும் அப்படித்தான் கேட்கத் தொடங்கினார்கள். எந்தத் தொலைதூர மண்டலம் அளவுக்கு மீறி ஒளி வீசுகின்றதோ, அதன் முன்னால் யாரோ நின்று உதவுகின்றார்கள் என்று ஐயுற வேண்டும். 1991இல் ஏமாற்றிய அதே செய்தி, வில்லைகளைத் தேடிப்பிடிக்கும் அடையாளமாயிற்று.

அதற்குள் மற்றொரு முன்னேற்றம். விண்மீன்கள் மும்முரமாகப் பிறக்கும் மண்டலங்களில் தூசு நிறைந்திருக்கும். தூசு, விண்மீன் ஒளியை விழுங்கி வெப்பமாக வெளிவிடும். ஆகவே இத்தகைய மண்டலங்கள் நம் கண்ணுக்குரிய ஒளியில் மங்கியும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள அலைகளில் பளிச்சென்றும் இருக்கும். அவ்வலைகளைப் படம்பிடிக்கும் ஸ்கியூபா என்னும் கருவி 1990களின் இறுதியில் ஹவாயின் மௌனா கியா மலைத் தொலைநோக்கியில் பொருத்தப்பட்டது. இயன் ஸ்மெய்ல் குழுவினர் 1997இல் அதனை முதலில் எந்தத் திசையில் திருப்பினார்கள் தெரியுமா? ஏபெல் 370, சிஎல் 2244 ஆகிய அதே இரு கூட்டங்களை நோக்கி! கூட்டங்களைக் காண்பதற்காக அன்று. அவற்றையே பூதக்கண்ணாடியாகப் பிடித்து, பின்னால் இருப்பதைக் காண்பதற்காக. அதுவரை யாரும் கண்டிராத தூசு மூடிய தொலைதூர மண்டலங்கள் அங்கே புலப்பட்டன.

2009 மே மாதம் ஐரோப்பியர் ஏவிய ஹெர்ஷல் விண்தொலைநோக்கி இத்தேடலைப் பெருக்கியது. அதன் முதற்படங்களிலிருந்து மத்தியா நெக்ரெல்லோ குழுவினர், நீண்ட அகச்சிவப்பு அலையில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒளிரும் புள்ளிகளைப் பொறுக்கியெடுத்தார்கள். அவற்றிலிருந்து அருகிலுள்ள சாதாரண மண்டலங்களை நீக்கினார்கள். வானொலி அலை வீசும் குவேசாரையும் நீக்கினார்கள். ஐந்து எஞ்சின. ஐந்தின் முன்னாலும் வில்லை இருந்தது. ஐந்துக்கு ஐந்து! 2010 நவம்பரில் இது வெளியானது. அதுவரை ஒரு வில்லையைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான பொருள்களைத் துருவ வேண்டியிருந்தது.

அந்த ஐந்தில் ஒன்றுக்கு எஸ்டிபி.81 என்று பெயர். சிலி நாட்டுப் பாலைவன மேட்டில் அமைந்த அல்மா தொலைநோக்கி வரிசை 2014இல் அதனைப் படம்பிடித்தது. ஐன்ஸ்டைன் காண வழியில்லை என்று சொன்ன வளையம், ஏறக்குறைய முழு வட்டமாக, செந்நிற வளையல் போல் அப்படத்தில் ஒளிர்கின்றது. இணையத்தில் தேடிப் பாருங்கள். வளையத்தைக் கணக்கின்வழி பிரித்து மண்டலத்தின் உண்மை வடிவத்தை மீட்டபோது, 200 ஒளியாண்டு அளவுள்ள வாயுத்திரள்கள் வரை அடையாளம் காண முடிந்தது. அங்கேதான் விண்மீன்கள் பிறக்கின்றன. பேரண்டம் தன் இன்றைய வயதில் ஆறில் ஒரு பங்கு அளவே இருந்தபோது புறப்பட்ட ஒளி அது.

2016இல் வந்த ஒரு செய்தி மாணவர்களுக்குச் சொல்வதற்கு மிகவும் ஏற்றது. கெவின் ஹாரிங்டன் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது இளங்கலை மாணவர். தம் பேராசிரியர் மின் யுன்னோடு சேர்ந்து, பிளாங்க், ஹெர்ஷல் ஆகிய இரு விண்தொலைநோக்கிகளின் பதிவுகளைச் சலித்து, எஞ்சியவற்றை மெக்சிகோ நாட்டின் சியரா நெக்ரா மலைமேல் 4,600 மீட்டர் உயரத்தில் நிற்கும் பெரிய மில்லிமீட்டர் தொலைநோக்கியால் ஆராய்ந்தார். எட்டு மண்டலங்கள் சிக்கின. அகச்சிவப்பில் பேரொளி வீசும் மண்டலங்களுக்கு வானியலாளர்கள் 'மீயொளி', 'அதிமீயொளி' என்னும் பொருளில் பெயர்களை முன்பே வைத்திருந்தார்கள். இவை அவற்றையும் தாண்டி, ஒரு கோடி கோடி சூரியன்களை எட்டித் தெரிந்தன. வைக்கப் பெயரில்லாமல், 'அடாவடியான ஒளி' என்று சொல்லும்படியான ஒரு சொல்லையே சூட்டிவிட்டார்கள்! இவற்றின் ஒளியை இடையிலுள்ள வில்லைகள் ஏறக்குறைய பத்து மடங்கு பெருக்கிக் காட்டுகின்றன என்பது அவர்கள் மதிப்பீடு. 1991இன் குழுவினரைப் போலன்றி, இவர்கள் வில்லையை எதிர்பார்த்தே தேடினார்கள்.

அப்படியானால் என் நூலகப் புத்தகத்தின் வினாவுக்குச் சரியான விடைதான் என்ன? 2015 மே மாதம், வைஸ் என்னும் அகச்சிவப்புச் செயற்கைக்கோளின் பதிவுகளிலிருந்து டபிள்யூ2246-0526 என்னும் விண்மீன் மண்டலத்தை அறிவித்தார்கள். அதன் ஒளி 1,200 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்து வந்திருக்கின்றது. கணக்கிட்ட ஒளியோ மூன்றரைக் கோடி கோடி சூரியன்கள். ஏறக்குறைய என் புத்தகத்தில் இருந்த அதே எண்! இம்முறை, முன்னால் வில்லை உண்டா என்று முதலில் தேடினார்கள். எதுவும் தென்படவில்லை. நடுவிலுள்ள பெருங்கருந்துளை விழுங்கும் பொருள்களின் வெப்பத்தால் தூசு அப்படிக் கொதிக்கின்றது என்று முடிவு செய்தார்கள். பின்னர் 2024 பிப்ரவரியில் ஜே0529-4351 என்னும் குவேசார் ஐந்து கோடி கோடி சூரியன்களோடு அதையும் முந்திவிட்டது. நாளொன்றுக்கு ஒரு சூரியன் எடையுள்ள பொருளை உண்ணும் கருந்துளை அதன் நடுவில் இருக்கின்றது. 1980இல் எடுத்த பழைய வான்படத்திலேயே அது பதிவாகியிருந்தது. இன்னதென்று யாரும் அறியவில்லை. அதற்கும் வில்லையைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

புத்தகத்தின் அப்பக்கத்தில் பழைய விடையை அழிக்கவில்லை. அதன் ஓரத்தில், "முன்னால் ஒரு மண்டலம் நிற்கின்றது, 1995" என்று பென்சிலால் எழுதி, அதன்கீழ் 2015, 2024 ஆகிய இரு வரிகளையும் சேர்த்திருக்கிறேன். பேனாவால் எழுதத் துணியவில்லை.